பயப்படாதே சாரின் இரண்டாவது பிரேக்

என் அக்கா வீட்டுக்காரருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கேட்டால் அவர் குடியிருக்கும் தெருவிலேயே வழி காட்ட ஆள் கிடைக்காது. 'பயப்படாதே சார் வீடு எது' என்று கேட்டால் நாலு பேர் கூடவே வந்து கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அத்தானின் தொழில். ஒரே கார், ஒரே வாத்தியார். ஸ்டியரிங்கைப் பிடித்தவர் கை நடுங்கும்போதெல்லாம் அவர் வாயிலிருந்து வருவது ஒரே வாக்கியம்: "பயப்படாதே, என் கால் பிரேக் மேலதான் இருக்கு." வயதில் மூத்தவர்கள் என்றால் 'பயப்படாதீங்க' ஆகும், மற்றபடி ஒரு எழுத்து மாறாது. வண்டியின் பின்கண்ணாடியிலும் சிவப்பு எழுத்தில் பெரிதாக 'பயப்படாதே' என்று ஒட்டி வைத்திருக்கிறார். உள்ளே இருக்கிறவனுக்குச் சொல்வதை எதற்கு வெளியே ஒட்டினீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "நல்ல செய்தி எல்லாருக்கும்தான், மாப்ளே" என்றார். யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயம்தான். அந்த வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வருகிறவனுக்குத்தான் அந்த ஆறுதல் அதிகம் தேவை.

பயிற்சி வண்டி என்றால் பக்கத்து சீட்டின் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் சொதப்பினால் வாத்தியார் மிதிப்பதற்கு. இரண்டு பிரேக்கையும் குறுக்கே ஒரு கம்பி இணைக்கும். அத்தானின் வலது கால் அந்த இரண்டாவது பிரேக்கின் மேலேயே இருந்து இருந்து, அந்தக் காலின் செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகும். ஆபத்து என்று பட்டால் ஒரே நேரத்தில் இரண்டு காரியம் செய்வார். காலால் மிதிப்பார், தொண்டையால் "பிரேக்" என்று ஒரு சத்தம் போடுவார். அந்தச் சத்தத்துக்குத் தெருவில் சைக்கிளில் போகிறவன்கூட நின்றுவிடுவான்.

இதே பிரேக்தான் அவருடைய சாட்சியும். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில், கர்த்தர் தனக்குச் செய்ததைச் சொல்ல யார் வேண்டுமானாலும் எழுந்து நிற்கலாம். யாரும் எழுந்திருக்காவிட்டால் அத்தான் எழுந்துவிடுவார். யாராவது எழுந்தாலும் அவர் உட்கார்ந்த பிறகு அத்தான் எழுந்துவிடுவார். "வாழ்க்கைங்கிற வண்டிய ஓட்டுறது நாமதான். ஆனா பக்கத்து சீட்ல ஒருத்தர் உக்காந்திருக்கார். அவர் கால் பிரேக் மேல இருக்கு. இதுதாங்க சுவிசேஷம். இத நம்புறவனுக்குப் பயம் கெடையாது." கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போன சாட்சி. ஆனால் ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். போதகரே நாலைந்து பிரசங்கத்தில், யார் சொன்னது என்று சொல்லாமல், அதை எடுத்துவிட்டிருக்கிறார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாகன உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். ஆகவே சபையில் எனக்குப் 'பின்மாற்றக்காரன்' என்று பெயர். ஒரு காலத்தில் நம்பிவிட்டு அப்புறம் விட்டுவிட்டவன் என்று அர்த்தம். அத்தான் கொஞ்சம் நாகரிகமாக, "மாப்ள ரிவர்ஸ் கியர்ல கெடக்கான், என்னைக்காவது நியூட்ரலுக்கு வருவான்" என்பார். எனக்கு அதில் வருத்தமில்லை. எதையும் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் நான் நம்புவேன். ரிவர்ஸ் கியரும் வண்டிக்கு வேண்டிய சாமான்தானே.

அத்தான் பிறவியிலேயே பக்தர் அல்ல. இளவயதில் லாரியில் கிளீனராக இருந்தார். ஒரு விடியற்காலையில், பக்கத்து சீட்டில் அவர் விழித்திருக்க, டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார். லாரி ரோட்டை விட்டு இறங்கி, ஒரு மதகுக் கட்டையில் ஏறிக் கவிழ்ந்தது. டிரைவர் அங்கேயே போய்விட்டார். அத்தான் கூரைக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, சின்ன வயதில் யாரோ சொல்லிக்கொடுத்த ஒரு ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாராம். வெளியே இழுத்தபோது உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. வலது கால் மட்டும் எதையோ மிதித்த வாக்கில் விறைத்துப்போய் இருந்ததாம். கிளீனர் பக்கத்தில் மிதிப்பதற்கு என்ன இருக்கிறது? வெறும் தகரம்தான்.

அந்த வருஷமே அவர் இரண்டு காரியம் செய்தார். ஞானஸ்நானம் எடுத்தார். ஒரு பழைய கார் வாங்கிப் பக்கத்து சீட்டுக்குப் பிரேக் வைத்தார். கர்த்தர் மேல் பாரத்தைப் போட்டவருக்கு இரண்டாவது பிரேக் எதற்கு என்று அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும். அப்போது எனக்கு மீசைகூட முளைக்கவில்லை.

பெரிய விசுவாசிதான். வியாதி, வறுமை, மரணம் எதற்கும் கலங்க மாட்டார். ஆனால் வேறு ஒருவர் ஓட்டும் வண்டியில், பிரேக் இல்லாத பக்கத்து சீட்டில் அவரை உட்காரவைத்துப் பாருங்கள். வாய் ஸ்தோத்திரம் சொல்லும், கால் தரையை அமுக்கும். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட் கிடைக்கும்வரை நின்றுகொண்டே வருவார், கிடைத்ததும் மிதிக்க ஆரம்பிப்பார். கல்யாணம், துக்கம் என்று பல வருஷமாக என் காரில்தான் வந்துபோகிறார். முன்சீட்டின் கீழே விரித்திருந்த ரப்பர் பாயில் அவர் குதிகால் பட்ட இடம் ஓட்டையாகிவிட்டது. நான் வேண்டுமென்றே அதை மாற்றவில்லை. கடைக்கு வருகிற சபைக்காரர்களை வெளியே அழைத்துப்போய்க் காட்டுவேன். "பாத்துக்குங்க, உங்க பயப்படாதே சாரோட விசுவாசம்" என்பேன். சிரிப்பார்கள்.

இதெல்லாம் வேடிக்கையாகவே போயிருக்கும், அக்கா விஷயம் மட்டும் நடுவில் இல்லாவிட்டால்.

அக்கா நர்ஸ். மருத்துவ நிலையத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள் அல்ல. படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளுக்குப் போய்ப் புண் கழுவிக் கட்டுவது, ட்யூப் மாற்றுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அவள் வேலை. தோளில் ஒரு கனத்த பை, கையில் ஒரு பை, இரண்டு பஸ் மாறிப் போய் வருவாள். கதவு திறக்கும் சத்தத்தை வைத்தே 'அவங்க வந்தாச்சு' என்று கண்டுபிடிக்கிற நோயாளிகள் அவளுக்கு உண்டு. அந்த வேலை அவளுக்கு உயிர்.

போன வருஷ நடுவில் மருத்துவ நிலையத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். வீடு வீடாகப் போகும் நர்ஸ்களுக்கு இனிமேல் சின்னக் கார் தருவார்கள். வருஷக் கடைசிக்குள் ஓட்டுநர் உரிமம் வாங்காதவர்கள் வெளி வேலையை விட்டுவிட்டு ஸ்டோர் ரூமுக்குப் போக வேண்டும், பஞ்சும் துணியும் எடுத்துக் கொடுக்க.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் வீட்டிலேயே இருக்கிறார், இதில் என்ன கஷ்டம் என்று நீங்கள் நினைக்கலாம். கஷ்டமே அதில்தான். அக்கா கற்றுக்கொள்ள ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சரக்குக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் உள்ள காலித் தெருவுக்குக் கூட்டிப்போவார். திரும்பி வந்ததும் ஒரே தீர்ப்புதான். "கிளட்ச் பதமா விடுறா. வளைவுல நல்லா ஒடிக்கிறா. ஆனா இன்னும் பக்குவம் வரல." ரோட்டில் மாடு நின்றாலே ஸ்டியரிங்கை விட்டுவிடுகிற பயல்களுக்கெல்லாம் ஒரு மாதத்தில் பக்குவம் வந்தது. அக்காவுக்கு மட்டும் வரவில்லை.

உரிமம் வாங்கிவிட்டால் அவள் தனியாகப் போவாள். தனியாகப் போனால் பக்கத்து சீட்டில் இவர் கால் இருக்காது. விஷயம் அவ்வளவுதான். அது எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் அக்கா மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, பரீட்சைக்கு ஒரு நாள் வாங்கிடலாமா? வருஷக் கடைசிக்கு ரொம்ப நாள் இல்ல."

"கர்த்தரோட வேளைன்னு ஒண்ணு இருக்கு" என்றார் அத்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "கர்த்தர் உங்ககிட்ட நாள் பாத்துச் சொல்றேன்னாரா, அத்தான்? ஊருக்கெல்லாம் பயப்படாதேன்னு சொல்றீங்க. பொண்டாட்டி கையில சாவியக் குடுக்க மட்டும் கை நடுங்குது."

"நான் அவள நம்பாம இல்ல மாப்ளே. ரோட்டத்தான் நம்பல."

"அப்ப சாமியையும் நம்பலன்னு சொல்லுங்க."

அக்கா என் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தாள். வாயை மூடு என்பதற்கு எங்கள் வீட்டில் அதுதான் அடையாளம். நான் மூடிக்கொண்டேன். ஆனால் உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

ஒரு வாரம் கழித்து மெக்கானிக் என் கடைக்கு வந்தான். அத்தானின் வண்டியை எப்போதும் பார்க்கிறவன் அவன். பேயறைந்த மாதிரி இருந்தான். அத்தானிடம் சொல்லப் பயந்துகொண்டு என்னைக் கூப்பிட வந்திருந்தான். ஹாரன் அடிக்கவில்லை என்று வண்டி பட்டறைக்கு வந்திருக்கிறது. வயரைத் தேடி டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டவன் கண்ணில் வேறு ஒன்று பட்டிருக்கிறது.

போய்ப் பார்த்தேன். இரண்டு பிரேக்கையும் இணைக்கிற கம்பி ஒரு முனையில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து வைக்கிற பின் இல்லை. விரல் நீளம்கூட இல்லாத ஒரு பின். பல மாதத்துக்கு முன்னால் கிளட்ச் கேபிள் மாற்றியபோது, கைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று மெக்கானிக் அதைக் கழற்றியிருக்கிறான். திரும்பப் போட மறந்துவிட்டான். பக்கத்து சீட் பிரேக்குக்கு அதற்கென்று தனியாக ஒரு ஸ்பிரிங் உண்டு. மிதித்தால் கெட்டியாக இறங்கும், விட்டால் எழும்பும். ஆனால் வண்டிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அத்தனை மாதமும் அத்தான் அதை மிதித்துக்கொண்டிருந்தார். வண்டி நிற்கவும் செய்தது. அவர் "பிரேக்" என்று போட்ட சத்தத்தில் ஓட்டினவர்களே அலறிப்புடைத்து மிதித்திருக்கிறார்கள். தன் கால்தான் நிறுத்தியது என்று இவர் நினைத்திருக்கிறார். ஹாரன் கெட்டது அன்றைக்கே தெரிந்துவிட்டது. பிரேக் கெட்டது பல மாதமாகத் தெரியவில்லை.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை வருஷ வாக்குவாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? அத்தானை உடனே வரச் சொன்னேன். கீழே குனியவைத்து, டார்ச் அடித்து, தொங்குகிற கம்பியை ஆட்டிக் காட்டினேன்.

"உங்க சுவிசேஷத்த நல்லாப் பாத்துக்குங்க, அத்தான். மிதிக்கக் கெட்டியா இருக்கும். மனசுக்கும் தெம்பா இருக்கும். அந்தப் பக்கம் ஒண்ணோடயும் சேரல."

அவர் சண்டைக்கு வருவார், வசனம் ஒன்றை எடுத்து வீசுவார் என்று எதிர்பார்த்தேன்.  முகத்தில் ஈயாடவில்லை. சீட்டில் உட்கார்ந்து, காலை அந்தப் பிரேக்கின் மேல் வைத்து, ஒருதரம் மிதித்தார். கம்பி கிலுங்கியது. இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போனார்.

அந்த வாரம் வகுப்பு எடுக்கவில்லை. புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் சாட்சி நேரத்தில் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் அவர் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்களாம், அவர் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். போதகர் என் கடைக்கே வந்து, "அவருக்கு ஒடம்புக்கு எதுவும் முடியலையா?" என்று கேட்டார். பின்மாற்றக்காரன் கடைக்குப் போதகர் வருவது என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் எனக்குச் சந்தோஷமாக இல்லை. அந்த மனிதர் வாயை மூடினால் போதும் என்று எத்தனையோ வருஷம் நினைத்திருக்கிறேன். மூடியபோது காது அந்தச் சத்தத்தைத் தேடியது. பிடிக்காத ரேடியோவாக இருந்தாலும் சட்டென்று நின்றுபோனால் கை தானாக அந்தப் பக்கம் போகுமே, அப்படி.

சனிக்கிழமை சாயங்காலம் கடையிலிருந்து நல்ல பின் ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். மெக்கானிக் வண்டியைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் விட்டிருந்தான். அத்தான் அதன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங் பக்கம் காலி. நான் அங்கே ஏறி உட்கார்ந்தேன்.

"பின் கொண்டு வந்திருக்கேன், அத்தான். போட்டுருவோம். ஒரு நிமிஷ வேலை."

அவர் அதைக் கையில் வாங்கி உருட்டிக்கொண்டே இருந்தார். "இத்தன பேருக்கு என் கால நம்புன்னு சொல்லிருக்கேன், மாப்ளே. கர்த்தர் பக்கத்து சீட்ல இருக்கார்னு வாயால சொன்னேன். அந்த சீட்ல உக்காந்திருந்தது நான்தான். அவர எங்க உக்கார வெச்சேன்னு யோசிச்சா, தெரியல."

"விடுங்க. யாருக்கும் எதுவும் ஆகலையே."

"அதான் கேக்கறேன். யாரு நிறுத்துனது?"

"ஓட்டுனவங்கதான். உங்க சத்தத்துக்கு மிதிச்சாங்க. இதுல சாமிக்கு என்ன வேல?"

"இருக்கலாம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சொன்ன எதற்கும் அவர் அதுவரை 'இருக்கலாம்' என்று சொன்னதே இல்லை. இந்த மனிதரின் நம்பிக்கை நிஜமாகவே கழன்று விழுந்துவிட்டதோ என்று பயந்தேன். அது விழ வேண்டும் என்று நான் எப்போதும் கேட்டதில்லை. வாதத்தில் தோற்க வேண்டும் என்றுதான் கேட்டேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா தெருமுனையில் வந்தாள். ஒரு பக்கம் சாய்ந்து நடந்துவந்தாள், பை அந்தப் பக்கம் இழுத்தது. வண்டிக்குள் நாங்கள் இரண்டு பேரும் அசட்டுத்தனமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, பைகளைக் கீழே வைத்து, ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"ஏங்க, எனக்கு ஒரு சந்தேகம். பின் இல்லாத இத்தன மாசமும் ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை நானும்தான இந்த வண்டிய ஓட்டுனேன்?"

"ஆமா."

"நீங்க சத்தம் போடறதுக்கு முந்தியே நான் நிறுத்திருவேன். மெதுவா கத்துங்கன்னுகூடச் சொல்லிருக்கேன். அப்ப யாரு பிரேக் புடிச்சா?"

 அத்தான் பின்னை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"நீதான்" என்றார் அவளிடம். பிறகு என்னிடம், "இதப் போட்டுரு மாப்ளே. கத்துக்க வர்றவங்களுக்கு வேணும். இவளுக்குத் திங்கக்கெழமையே பரீட்சைக்கு நாள் வாங்கணும்."

 அக்கா பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சமையலறையில் வெகுநேரம் தண்ணீர்க் குழாய் திறந்தே இருந்தது.

அடுத்த புதன்கிழமை நானும் ஜெபக்கூட்டத்துக்குப் போனேன், கடைசி வரிசையில். அத்தான் எழுந்து நின்றார். வழக்கமான சாட்சி என்று நினைத்துப் போதகர் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அத்தான் பின் காணாமல்போன கதையை அப்படியே போட்டு உடைத்தார். தன் பிரேக் செத்துப் பல மாதமாகிவிட்டது, அந்தக் காலத்தில் தன்னிடம் கற்றுக்கொண்ட அத்தனை பேரும் வெறும் தகரத்தை நம்பித்தான் ஓட்டினார்கள், என்னை மன்னியுங்கள் என்றார். "நான் காலால காப்பாத்திக்கிட்டு, அதுக்கு அவர் பேர வெச்சிருந்தேன். அந்தக் கால் ஒண்ணுத்துக்கும் ஆகலன்னு அவர் காட்டிட்டார். இனிமே எனக்கு உதாரணம் சொல்லத் தெரியாது. அவர நம்புறேன், அவ்வளவுதான்."

போதகரின் மனைவி அந்த மாதங்களில்தான் உரிமம் வாங்கியவர். "அப்ப மேம்பாலத்துல நான் எறங்கினது?" என்று எழுந்தவர், பதிலுக்குக் காத்திராமல் உட்கார்ந்து விசிற ஆரம்பித்தார். போதகர் நிலைமையைச் சமாளிக்கிறவர். "இது பெரிய அற்புதம். பிரேக் இல்லாமலே கர்த்தர் காப்பாற்றியிருக்கிறார். எல்லாரும் ஆமென் சொல்லுங்க" என்றார். கூரை அதிர ஆமென் சொன்னார்கள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் முன்வரிசையில் ஒருவர், "சார், இப்ப பின் போட்டாச்சுல்ல?" என்று கேட்டார். சபை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அத்தானைப் பார்த்தது.

"போட்டாச்சு. மாப்ளதான் போட்டான்."

அதற்கு வந்த ஆமென் முதல் ஆமெனைவிடப் பலமாக இருந்தது. பின்மாற்றக்காரன் போட்ட பின்னுக்கு அந்தச் சபையில் அன்றைக்குக் கிடைத்த மரியாதை எனக்கு ஜென்மத்துக்கும் போதும்.

அக்கா முதல் பரீட்சையில் தோற்றாள். தேர்வு அதிகாரி வாயே திறக்காத ஆள். சந்திப்பில் கோட்டுக்கு முன்னால் நிறுத்த வேண்டும். இவள் காலைத் தயாராக வைத்துக்கொண்டு, அந்த ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்திருக்கிறாள். சத்தம் வரவில்லை, வண்டி கோட்டைத் தாண்டிவிட்டது. "யாருமே பிரேக்னு சொல்லலடா, தம்பி" என்றாள். சத்தம் வருமுன்பே நிறுத்துகிறவள்தான். அந்தச் சத்தம் வரும் என்ற தைரியத்தில் இத்தனை நாளும் நிறுத்தியிருக்கிறாள். எனக்குத் திக்கென்றது. இனி அத்தான் 'பக்குவம்' என்று ஆரம்பிப்பார், அதோடு அவள் வெளி வேலை போயிற்று என்று நினைத்தேன். ஆனால் மறுநாள் காலையில் கதவு திறக்கும் முன்பே அவர்தான் உரிம அலுவலக வாசலில் அடுத்த பரீட்சைக்கு நாள் வாங்க நின்றுகொண்டிருந்தார். போவதற்கு முன்னால் அக்காவிடம், "சத்தம் வேணும்னா நீயே போட்டுக்கோ" என்று மட்டும் சொன்னாராம்.

இரண்டாம் தடவை அவள் அப்படியே செய்தாள். நிறுத்த வேண்டிய இடத்திலெல்லாம் தனக்குத்தானே "பிரேக்" என்று சொல்லிக்கொண்டு நிறுத்தினாள். ஒரு தடவை சத்தம் கொஞ்சம் கூடிப்போய், பக்கத்தில் இருந்த அதிகாரியின் கால் தரையை மிதித்ததாம். தேர்ச்சி போட்டுவிட்டார். வருஷம் முடிய இன்னும் கொஞ்ச நாள் பாக்கி இருந்தது.

மருத்துவ நிலையத்துக் கார் வந்துசேரத் தாமதமானதால் முதல் நாள் என் காரைத் தருகிறேன் என்றேன். ஊருக்கு வெளியே, லாரிகள் போகிற சாலையில், ஒரு நோயாளி வீடு. அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பைகள் என் பக்கத்தில், பின்சீட்டில். அத்தான் முன்சீட்டில். கூட வர வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "வரணும், மாப்ளே. வராம இருக்கிறது சுலபம்" என்றார்.

ஏறி உட்கார்ந்தவர் கீழே பார்த்தார். ரப்பர் பாயில் அவர் போட்ட ஓட்டை அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் மடித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, அதற்கு மேல் பெல்ட்டைக் குறுக்கே இழுத்து மாட்டினார். கார் முன்சீட்டில் அப்படி ஒருவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் வந்த ஸ்கூட்டர்காரன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை.

அக்கா நன்றாகவே ஓட்டினாள். பெரிய சாலைக்கு வந்து கொஞ்ச தூரம் போனதும், இடது பக்கச் சந்திலிருந்து ஒரு லாரி, நாங்கள் வருவதைப் பார்க்காமல், முழுசாக மூக்கை நீட்டியது. யாரும் கத்தவில்லை. அக்கா மிதித்தாள். வண்டி குலுங்கி நின்றது. லாரியின் முன்பக்கமும் எங்கள் கண்ணாடியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. லாரி டிரைவர் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பின்னால் எடுத்தான்.

"தம்பி" என்றாள் அக்கா, கண்ணாடியில் என்னைப் பார்த்து. "கால எடுடா. அவர் சீட்டு கிறீச்சுங்குது, ஒடிஞ்சிடும்."

குனிந்து பார்த்தேன். என் வலது கால் முன்சீட்டின் அடியில் போய், அங்கிருந்த இரும்பை மிதித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக மிதித்தேன் என்று எனக்கே தெரியாது. எடுக்கப் பார்த்தேன், உடனே வரவில்லை.

அத்தான் திரும்பவில்லை. "பயப்படாதே மாப்ளே" என்றார். "என் கால் எங்க இருக்குன்னு பாரு."

எட்டிப் பார்த்தேன். இரண்டு காலும் சீட்டின் மேல்தான் இருந்தன. மடக்கினது மடக்கினபடி, தரைக்கும் அந்த ஓட்டைக்கும் வெகு தூரத்தில். வலது கால் கட்டைவிரல் மட்டும், வெளுத்துப்போய், இடது தொடையை அமுக்கோ அமுக்கென்று அமுக்கிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்த மனிதர் மேல் விசுவாசம் வந்தது. அக்கா கியரை மாற்றினாள், வண்டி கிளம்பியது.